கிணற்றில் கால் பாகம்: கூட்டுக் கிணற்று நிலம் வாங்குகிறவர்களுக்கு

ஓமலூர் வட்டத்தில் 1 ஏக்கர் 40 சென்ட் மேட்டுக்காடு வாங்கினேன். பத்திரத்தில் "கிணற்றில் எனக்குள்ள பாகமும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பி மரவள்ளிக் குச்சி நட்டேன். கிணற்றிலிருந்து முதல் முறைத் தண்ணீர் என் வயலுக்கு வந்து சேர 14 மாதம் ஆனது. நட்ட குச்சியில் பாதிக்கு மேல் அதற்குள் காய்ந்துவிட்டது.

பாகம் எவ்வளவு என்று பத்திரத்தில் இல்லை. கிணறு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்றும் இல்லை. மின் இணைப்பு எப்போதோ இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தது. வாய்க்கால் இன்னொருவர் நிலத்தின் நடுவே வந்தது. இவை எல்லாமே பத்திரம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனிக் காகிதம், தனி அலைச்சல்.

சேலம் மாவட்டத்தில் தனிக் கிணற்றோடு நிலம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் பங்காளிகள் பிரித்துக்கொண்ட பொதுக் கிணற்றில் அரை, கால், அரைக்கால் என்றுதான் வரும். வாங்குகிறவர்களும், தாத்தா நிலத்துக்குத் திரும்பி வந்து விவசாயம் பார்க்க நினைக்கிறவர்களும் இந்த வரிசையில் போனால் நான் இழந்த 14 மாதம் உங்களுக்கு மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கிணற்றில் பாகம் என்பது நான்கு உரிமைகள் சேர்ந்தது: கிணறு, கரண்ட், வாய்க்கால், வழி. நான்கில் எது விட்டுப்போனாலும் தண்ணீர் வராது.

1. முன்பணம் கொடுப்பதற்கு முன்: கிணறு யாருடையது என்று பாருங்கள்

நிலத்தின் பட்டாவை எல்லோரும் பார்க்கிறோம். கிணறு இருக்கும் இடத்தின் பட்டாவை யாரும் பார்ப்பதில்லை. கிணறு பெரும்பாலும் நீங்கள் வாங்கும் நிலத்தில் இருக்காது. பக்கத்து உட்பிரிவிலோ, இரண்டு நிலம் தள்ளியோ இருக்கும். அதன் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள்.

எண் கிடைத்ததும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் மூன்றையும் காசில்லாமல் பார்க்கலாம்: பட்டா சிட்டா, 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம். வரைபடத்தில் கிணறு குறிக்கப்பட்டிருக்கிறதா, எந்த உட்பிரிவுக்குள் விழுகிறது என்று பாருங்கள். 'அ' பதிவேட்டில் அந்த இடம் பட்டா நிலமா, புறம்போக்கா என்று இருக்கும். புறம்போக்கில் இருக்கும் கிணற்றில் பாகம் விற்க யாருக்கும் உரிமை கிடையாது. நாலு தலைமுறையாக இறைத்திருந்தாலும் அதைப் பத்திரத்தில் எழுதி வாங்கிப் பயனில்லை.

அடுத்தது வில்லங்கம், அதாவது அந்த எண்ணில் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் நிலத்தின் எண்ணுக்கு ஒருமுறை, கிணற்றின் எண்ணுக்கு இன்னொருமுறை என்று இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டாவதை நான் செய்யவில்லை. செய்திருந்தால் கிணற்றில் எட்டில் ஒரு பாகம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தது அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக மூலப்பத்திரம். பங்காளிகள் எப்போது பாகம் பிரித்தார்களோ அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல்தான் கிணற்று விஷயத்தில் முக்கியமான ஆவணம். அதில் யாருக்கு எத்தனை பாகம், எத்தனை நாள் முறை (தண்ணீர் இறைக்கும் தவணை), வாய்க்கால் எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பார்கள். விற்பவரிடம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுப் போட்டு வாங்கலாம். பத்திர எண்ணும் வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் தேடுகூலி கட்டித் தேட வேண்டும்.

வாய்வழியாகப் பிரித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அப்படியானால் மற்ற பங்குதாரர்கள் எல்லோரையும் நேரில் பார்த்துக் கேளுங்கள். "இவருக்கு இதில் எத்தனை பாகம்?" என்று கேட்டால் பதில் ஒன்றாக வர வேண்டும். ஆளுக்கொரு கணக்கு சொன்னால் அங்கே முன்பணம் கொடுக்காதீர்கள்.

2. பத்திரத்தில் நான்கையும் எழுத வையுங்கள்

பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார். சொத்து விவரம் எழுதும் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கிணறு: சர்வே எண், உட்பிரிவு, பின்னமாகப் பாகம். "4-ல் 1 பொதுப் பாகம்" என்று எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும். "எனக்குள்ள பாகம்" என்ற சொல்லை ஏற்காதீர்கள்.

கரண்ட்: மின் இணைப்பு எண், மோட்டாரின் குதிரைத்திறன், இணைப்பில் உங்கள் பாகம், மோட்டார் கொட்டகையில் பாகம்.

வாய்க்கால்: எந்தெந்த சர்வே எண்கள் வழியே, எத்தனை அடி அகலத்தில், மண் வாய்க்காலா குழாயா. நான் இதில்தான் அதிகம் பட்டேன். வாய்க்கால் போகும் நிலத்துக்காரர் உங்களுக்கு விற்பவரின் அண்ணன் தம்பியாக இருக்கும். அவர்களுக்குள் கேள்வி வந்ததே இல்லை. நீங்கள் வெளியாள் என்றதும் கேள்வி வரும்.

வழி: ஆள், மாடு, வண்டி, டிராக்டர் போய்வர வழிநடைப் பாத்தியம். கிணறு தூர் வார கிரேன் வந்தால் நிற்க இடம் வேண்டும். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

செலவு: கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிணற்றுப் பாகத்தையும் பம்புசெட்டையும் நிலத்தோடு ஒரே பத்திரத்தில் வாங்கிவிடுங்கள். விட்டுப்போனதைப் பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சேர்க்கலாம் என்பார்கள். சின்ன எண் பிழை என்றால் அது சரி. விட்டுப்போனது ஒரு உரிமை என்றால், புதிய மாற்றமாகக் கருதி அதற்கு மறுபடி தீர்வை கேட்கலாம். விற்றவர் கையெழுத்துப் போட வர வேண்டும். பணம் வாங்கிய பிறகு அவரை மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல். வாய்க்காலையோ வழியையோ 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தி வந்தால் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அது உரிமையாக நிலைபெறும். இதை நம்பி "அதெல்லாம் காலங்காலமா போற வாய்க்கால்தான்" என்று சொல்வார்கள். ஆனால் ஒருவர் அனுமதி கொடுத்து, அந்த அனுமதியில் நீங்கள் பயன்படுத்தினால் அந்த 20 ஆண்டுக் கணக்கு ஓடாது. அதனால் "போய்க்கோ தம்பி" என்ற வாய்மொழியோடு நிறுத்தாமல், உரிமையாக எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

3. மின் இணைப்பைச் சரிசெய்யுங்கள்

இலவச விவசாய மின்சாரம் என்பதால் பில் வருவதில்லை. பில் வராததால் இணைப்பு யார் பெயரில் என்று யாரும் பார்ப்பதில்லை. தாத்தா பெயரில், அப்பா பெயரில் அப்படியே கிடக்கும். மீட்டர் மாற்ற, மோட்டாரின் திறனைக் கூட்ட, கம்பத்தை நகர்த்த, மானியத்துக்கு மனுப் போட என்று எதற்குப் போனாலும் இணைப்பு யார் பெயரில் என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இணைப்பு எண்ணைச் சொன்னால் பெயரைச் சொல்வார்கள். இறந்தவர் பெயர் என்றால் தேவைப்படுவது: இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, உங்கள் கிரயப் பத்திரம், கிணறு இருக்கும் இடத்தின் கூட்டுப் பட்டா, கிணற்றில் பாகம் உள்ளதாக வி.ஏ.ஓ. தரும் சான்று, மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம். இதில் நாள் இழுப்பது வாரிசுச் சான்றும் சம்மதக் கடிதமும்தான். ஒரு வாரிசு கட்டிக்கொடுத்த ஊரில் இருப்பார். ஒருவர் பேசாமல் இருப்பார். நான் ஐந்து கையெழுத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். பத்திரம் பதியும் அன்றைக்கே சம்மதக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

பெயர் மாற்ற வேண்டாம், அவரவர்க்குத் தனி இணைப்பு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? சாதாரண வரிசையில் விவசாய இணைப்புக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். பணம் கட்டி விரைவாக இணைப்பு வாங்கும் தட்கல் திட்டம் அறிவிக்கும்போது 5 குதிரைத்திறன் வரை 2.5 லட்சம், 7.5 வரை 2.75 லட்சம், 10 வரை 3 லட்சம் ரூபாய் என்று கட்டணம் இருந்தது. ஒரு ஏக்கர்க்காரருக்கு அது பெரிய தொகை. அதுவும் போக, ஒரே கிணற்றில் நான்கு மோட்டார் ஓடினால் தண்ணீர் கூடிவிடாது.

எச்சரிக்கை ஒன்று. விவசாய இணைப்பிலிருந்து டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்பது, செங்கல் சூளைக்கு விடுவது எல்லாம் தப்பு. பிடிபட்டால் அபராதமும் இணைப்புத் துண்டிப்பும் வரும். பொது இணைப்பு என்றால் ஒருவர் செய்த தப்புக்கு எல்லோர் வயலும் காயும்.

4. கிணற்றை அளந்து பாருங்கள்

முறை பேச உட்காரும் முன் கையில் கணக்கு இருக்க வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் குரல் பெரியவர் சொன்னதே கணக்காகிவிடும். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். ஒரு கயிறு, ஒரு டிரம், ஒரு செல்போன் போதும்.

முதலில் கிணற்றின் பரப்பு. எங்கள் கிணறு 30 அடிக்கு 30 அடி சதுரம். ஒரு அடி உயரத் தண்ணீர் 900 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக, ஒரு அடிக்குச் சுமார் 25,500 லிட்டர். வட்டக் கிணறு, விட்டம் 20 அடி என்றால் ஒரு அடிக்கு 8,900 லிட்டர்தான். பார்க்கப் பெரிய கிணறாகத் தெரியும், கணக்கில் மூன்றில் ஒரு பங்கு.

அடுத்து மோட்டார். குழாய் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். எங்கள் 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 30 வினாடி. நிமிடத்துக்கு 400, மணிக்கு 24,000 லிட்டர். அதாவது எங்கள் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் எங்கள் பேச்சுவார்த்தையில் சத்தம் குறைந்தது.

கடைசியாக ஊற்று. மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் மறுபடி பாருங்கள். எத்தனை அடி ஏறியதோ அதுதான் அந்தக் கிணறு உங்களுக்குத் தரும் ஒரு ராத்திரி வருமானம். எங்கள் கிணற்றில் தை மாதம் 8 அடி ஏறியது, எட்டரை மணி நேர ஓட்டம். சித்திரையில் இரண்டரை அடி, 2 மணி 40 நிமிடம்.

இதை வயலோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். பாத்தி கட்டி இரண்டு அங்குலம் விட்டால் இரண்டு லட்சம். தை மாதத்தில் ஒரு ராத்திரி ஊற்று ஒரு ஏக்கருக்குச் சரியாகப் போகும். சித்திரை ஊற்று 64,000 லிட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு. இது தெரிந்தால் யாரும் மாசியில் புதிதாக வாழை வைக்கத் துணிய மாட்டார்கள்.

சேர்வராயன் மலையில் பெய்த மழை சரபங்கா வழியாக வந்து ஏரி நிரம்பிய வருடத்தில் ஊற்று நின்று கொடுக்கும். ஏரி காய்ந்த வருடத்தில் பொங்கல் முடிந்ததுமே இறங்க ஆரம்பிக்கும். அதனால் ஒரு வருட அளவை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி அளந்து எழுதி வையுங்கள்.

5. முறை பேசுங்கள், தண்ணீர் நிறைந்திருக்கும்போதே

பேச நல்ல மாதம் மார்கழி, தை. கிணறு நிறைந்திருக்கும், மனதும் இளகியிருக்கும். பங்குனியில் பேச உட்கார்ந்தால் ஒவ்வொருவர் கண்ணிலும் காய்கிற பயிர்தான் தெரியும். நான் முதல் வருடம் பங்குனியில்தான் பேசினேன். மூன்று கூட்டமும் சண்டையில் முடிந்தது. அடுத்த தையில் ஒரே நாளில் முடிந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

ஊரில் வழக்கம் நாள் முறை. எங்கள் கிணற்றில் ஒருவருக்கு அரை, எனக்குக் கால், மற்ற இருவருக்கு அரைக்கால். எட்டு நாள் சுற்றில் நான்கு நாள், இரண்டு நாள், ஒரு நாள், ஒரு நாள். மழைக்காலத்தில் இது நன்றாக ஓடும். கோடையில் அரைக்கால் பாகத்துக்காரர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். தக்காளியும் பூச்செடியும் ஏழு நாள் தாங்காது.

அதனால் கோடைக்கு மணி முறைக்கு மாறினோம். அன்றன்றைக்கு ஏறும் ஊற்றை அன்றன்றைக்கே பிரிப்பது. 2 மணி 40 நிமிடம் என்றால் 160 நிமிடம். அரைக்கு 80, காலுக்கு 40, அரைக்கால் இரண்டுக்கும் 20, 20. கணக்கு சரி, ஆனால் 20 நிமிடத் தண்ணீரில் பாதியை 600 அடி மண் வாய்க்கால் குடித்துவிடும். இதற்கு ஒரு வழி கண்டோம். அரைக்கால் பாகத்துக்காரர் இருவரும் சேர்ந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு 40 நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கிணற்றுக்கு வேறு விதமாக வரும். மழைக்கால முறை ஒன்று, கோடை முறை ஒன்று, எந்த அளவுக்கு ஊற்று இறங்கினால் மாறுவது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பேசி வையுங்கள். எங்களுக்கு அந்த அளவு நான்கு அடி.

சின்னதாகத் தெரியும் சில கேள்விகள்தான் பிறகு அடிதடி வரை போகின்றன. இவற்றை விடாமல் கேளுங்கள்.

நேரம் எப்போது தொடங்கும்? மோட்டார் போட்டதுமா, தண்ணீர் உங்கள் மடைக்கு வந்ததுமா? தூரத்து வயல்காரருக்கு வாய்க்கால் நனையவே கால் மணி நேரம் போகும். முறை முடிந்து மோட்டார் நிறுத்திய பின் வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் யாருக்கு?

நடுவில் கரண்ட் போனால் மிச்ச நேரம் அவருக்கே திரும்புமா, அடுத்தவருக்குப் போகுமா? மும்முனை மின்சாரம் உங்கள் பகுதியில் எந்த நேரத்தில் வருகிறது என்று லைன்மேனிடம் கேட்டு, முறையை அதற்குள் பொருத்துங்கள்.

ராத்திரி முறை யாருக்கு? அரைக்கால் பாகம் வைத்திருக்கும் ஆத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கூட்டத்தில் அவர் சொன்னது: "எனக்கு நிமிசம் கொறைஞ்சாலும் பரவால்ல கண்ணு, ராத்திரி முறை மட்டும் வேண்டாம். வரப்புல பாம்பு கெடக்குது." பாகத்தின்படி பார்த்தால் அவருக்கும் சுழற்சியில் இரவு வரும். நாங்கள் மூவரும் அவருடைய இரவு முறையை எடுத்துக்கொண்டு பகலைக் கொடுத்தோம். தனியாக விவசாயம் பார்க்கும் பெண்கள், வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இதை நீங்களே முதலில் பேசுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள்.

கரும்பு, வாழை, பாக்கு போல நீண்ட காலத்துக்குத் தண்ணீர் கேட்கும் பயிர் வைப்பதற்கு முன் மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமா? நாங்கள் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் கோடையில் "என் பாக்கு காயுது, இன்னும் ஒரு மணி நேரம் கொடு" என்று கேட்கவும் முடியாது.

6. எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

பேசியதைக் கூட்டுக் கிணறு உடன்படிக்கை என்று தலைப்பிட்டு முத்திரைத்தாளில் எழுதுங்கள். பழைய பழக்கத்தில் 20 ரூபாய்த் தாள் வாங்கிவிடாதீர்கள். 2024 முதல் ஒப்பந்தங்களுக்கு 200 ரூபாய். ஆளுக்கொரு அசல் வேண்டுமானால் ஆளுக்கொரு தாள்.

இதில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பாகத்துக்குள் முறையை ஒழுங்கு செய்வது மட்டும் என்றால் இந்தத் தாளில் எழுதி, சாட்சி இருவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளலாம். பாகத்தையே மாற்றுவது, கொடுப்பது, விடுவது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் செல்லும்.

இணைக்க வேண்டியவை: கிணற்றின் புலப்பட நகல், நான்கு பாகத்தின் பத்திர எண்கள், மின் இணைப்பு எண், வாய்க்கால் செல்லும் கைவரைபடம், கிணற்றின் அளவுக் கணக்கு. ஒரு பங்குதாரர் இறந்தால் அவர் வாரிசுகள் எத்தனை பேரானாலும் அவருடைய ஒரு முறையைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி. பாகத்தை விற்பதானால் முதலில் மற்ற பங்குதாரர்களிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. கிணற்றுக்கு அருகில் தன் நிலத்தில் தனியாக ஆழ்துளைக் கிணறு போடுவதானால் எத்தனை அடி தள்ளி என்று ஒரு வரி. நம் பக்கம் கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. பக்கத்தில் போடும் ஒரு போர், கிணற்றின் ஊற்றையே இழுத்துவிடலாம். போர் போடுவதற்கு ஊராட்சியின் அனுமதியும் வாங்க வேண்டும். தண்ணீர் வராத போரைத் திறந்து வைக்காமல் மூடியே ஆக வேண்டும்.

7. செலவுக்கு ஒரு பொதுக் கணக்கு

மோட்டார் எரிவது முறை பார்த்து வருவதில்லை. யார் முறையில் எரிந்ததோ அவரே கட்ட வேண்டும் என்ற பழக்கம் பல கிணறுகளில் இருக்கிறது. அது நியாயமும் இல்லை, நடைமுறைக்கும் ஆகாது. தேய்ந்த மோட்டாரை யாரும் தன் முறையில் போடத் துணியாமல் அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். செலவு பாகத்தின்படி என்று வையுங்கள்.

எங்களுக்குச் சென்ற முறை காயில் கட்ட 7,500 ரூபாய், புட்வால்வும் குழாய் இணைப்பும் சேர்த்து 2,200. கிரேன் வைத்துத் தூர் வாரியது 48,000. கிணற்றின் ஆழம், சேறு, கிரேன் வரும் தூரம் பொறுத்து உங்களுக்கு மாறும். மாதம் பாகத்துக்குத் தக்கபடி ஒரு தொகை போட்டு, இருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்தோம். தூர் வாருவது சித்திரை, வைகாசியில். தண்ணீர் அடியில் இருக்கும்போதுதான் முடியும். கிரேன்காரர்களுக்கும் அப்போதுதான் வேலை நெருக்கும், மாசியிலேயே சொல்லி வையுங்கள்.

8. சொட்டுநீர்: மானியம் சுலபம், முறையோடு பொருத்துவதுதான் வேலை

சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், வட்டாட்சியரின் சிறு குறு விவசாயி சான்று எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். உழவன் செயலியிலும் பதியலாம். சிறு குறு சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டு வாங்க நாள் ஆகும், அதை முதலில் தொடங்குங்கள். தண்ணீர் ஆதாரம் கூட்டுக் கிணறு என்பதால் மற்றவர்களின் சம்மதக் கடிதத்தையும் கையோடு வைத்திருங்கள். மூன்றாவது படியில் வாங்கும்போதே இரண்டு பிரதி கூடுதலாக வாங்கிவிட்டால் போதும்.

சொட்டுநீர்க்குத் தினமும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். நாள் முறையில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். இரண்டும் பொருந்தாது. ஒன்று மணி முறை வேண்டும், இல்லையென்றால் உங்கள் நிலத்தில் தரைத் தொட்டி வேண்டும். முறை வரும்போது தொட்டியை நிரப்பி, சின்ன மோட்டார் வைத்துத் தினமும் விட்டுக்கொள்ளலாம். குழாய் போடும் நிறுவனத்துக்காரர் இதைக் கேட்க மாட்டார். வயலில் குழாயை விரித்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் அப்படி விரித்த குழாய்களை எலி கடித்துக் கிடப்பதைப் பார்க்கிறேன்.

9. தகராறு வந்தால்

ஃபியூஸைப் பிடுங்குவது, வாய்க்காலை வெட்டுவது, மோட்டார் கொட்டகைக்கு வேறு பூட்டுப் போடுவது, இவற்றில் எதையும் நீங்கள் செய்யாதீர்கள். அடுத்தவர் செய்தால் படம் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் ஏற்பு ரசீது வாங்குங்கள். பாகம் யாருக்கு என்று அவர்கள் முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்த ரசீது பின்னால் உதவும்.

வட்டாட்சியரிடம் மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், ஜமாபந்தி (வருவாய்த் துறையின் ஆண்டுக் கிராமக் கணக்குத் தணிக்கை) ஆகியவை பட்டா பிழை, புறம்போக்கு வாய்க்கால் ஆக்கிரமிப்பு போன்றவற்றுக்குச் சரியான இடம். தனியார் கிணற்றில் பாகத் தகராறு என்றால் அங்கே போய் மாதங்களை வீணாக்காதீர்கள். அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை.

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுங்கள். செலவில்லை. இரு தரப்பையும் அழைத்துப் பேசி, ஒத்துவந்தால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு எழுதுவார்கள். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வழக்கு நடத்த வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பயிர் காய்கிற அவசரம், முறையை மறித்துவிட்டார்கள் என்றால் மட்டும் வழக்கறிஞரைப் பார்த்து முன்சீப் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடைக்கு மனுப் போடுங்கள்.

எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: இதுவரை முறை எப்படி நடந்தது? அதற்குச் சாட்சி மோட்டார் கொட்டகையில் தொங்கும் நோட்டு. தேதி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், தண்ணீர் மட்டம், கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்ட 100 பக்க நோட்டு எங்களுக்கு ஒரு வருடம் வருகிறது. பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், மை பேனா ஈரத்தில் கரைந்துவிடும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பக்கங்களை செல்போனில் படம் எடுத்து நால்வருக்கும் அனுப்பிவிடுங்கள்.